பட்டியில் ரத்தக் கழிச்சல்: மருந்து உண்டா, கொல்லத்தான் வேண்டுமா?

பாலக்காடு மாவட்டத்தில் வாளையாறு முதல் கோவிந்தாபுரம் வரையிலும், இடுக்கி மாவட்டத்தில் மறையூர் முதல் குமுளி வரையிலும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிப் பன்றிப் பண்ணைகள் பல இருக்கின்றன. ரப்பர் தோட்டத்துக்குள்ளே, ஏலத்தோட்டத்தின் ஓரத்திலே, ஊரார் மூக்குக்கு எட்டாத பள்ளத்திலே என்று ஒதுங்கி இருப்பதால் பஸ்ஸில் போகிறவர் கண்ணில் இவை படுவதில்லை. முதலாளி பெரும்பாலும் மலையாளி. தீவனம் வைத்து, பட்டி கழுவி, ராத்திரி காவலுக்கும் படுத்துக்கொள்கிறவர்களில் நம்மவர்கள் கணிசம். தேனி, திண்டுக்கல், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து, கணவன் மனைவியாகப் பண்ணையிலேயே தங்கி வேலை பார்ப்பவர்கள் உண்டு.

இவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு பயம் வெளிப்படும். காலையில் பட்டியைத் திறந்ததும் சாணத்தில் ரத்தம் தெரிந்தால் என்ன செய்வது? சொன்னால் அரசாங்கத்தார் வந்து எல்லாப் பன்றிகளையும் கொன்று புதைத்துவிடுவார்களாம். சொல்லாமல் விட்டால் ஒவ்வொன்றாகச் சாகுமாம். இரண்டிலும் வேலை போய்விடும்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் சாணத்தில் ரத்தம் கண்ட பன்றிக்கெல்லாம் ஒரே வியாதி என்று நினைப்பது பெரும் பிசகு. அதில் ஒன்று மருந்துக்குக் கட்டுப்படும். மற்றொன்று எந்த மருந்துக்கும் கட்டுப்படாது. பார்சல் ஆபீசில் ஒரே மாதிரி சாக்கில் கட்டிய இரண்டு மூட்டைகள் வரும். ஒன்றில் அரிசி இருக்கும், மற்றதில் பட்டாசு இருக்கும். சாக்கைத் தடவிப் பார்த்து எது எது என்று சொல்லிவிட முடியுமா?

ஒரே ஆண்டில் இரண்டு வியாதிகள்

மருந்துக்குக் கட்டுப்படுகிற வியாதிக்கு 'ஸ்வைன் டிசென்டரி' என்று டாக்டர்கள் பெயர் சொல்கிறார்கள். நாம் பன்றி ரத்தக் கழிச்சல் என்று சொல்லலாம். இது பாக்டீரியா கிருமியால் வரும் குடல் நோய். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைட்டிங், டாயில், ஸ்பிரே என்ற மூவர் 1921-ம் ஆண்டு இதை முதன்முதலாக விவரித்து எழுதினார்கள்.

கட்டுப்படாத வியாதி ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இது வைரஸ். கென்யாவில் இதைக் கண்டு ஆராய்ந்த மாண்ட்கோமரி என்ற கால்நடை டாக்டர் தமது அறிக்கையை வெளியிட்டதும் அதே 1921-ம் ஆண்டில்தான்!

இதற்கெல்லாம் முன்னாலேயே இந்தக் குழப்பத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் 1880-களில் பன்றிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. சால்மன், ஸ்மித் என்ற இரு விஞ்ஞானிகள் செத்த பன்றிகளின் உடலிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, 'இதுதான் எமன்' என்று 1885-ல் அறிவித்தார்கள். உலகம் ஏற்றுக்கொண்டது. சால்மன் பெயராலேயே அந்தக் கிருமி இனத்துக்கு 'சால்மோனெல்லா' என்ற பெயரும் வந்தது. ஆனால் 1903-ல் டி ஸ்வைனிட்ஸ், டார்செட் என்ற இருவர், பாக்டீரியா எதுவும் புக முடியாத வடிகட்டியில் ரத்தத்தை வடிகட்டி, அந்த வடிநீரை நல்ல பன்றிக்குச் செலுத்தினார்கள். பன்றிக்கு வியாதி வந்துவிட்டது. உண்மையான எமன் வைரஸ். சால்மோனெல்லா பாக்டீரியா கூட வந்து ஒட்டிக்கொண்டது. நுண்ணோக்கிக் கருவி வைத்திருந்தவர்களுக்கே பதினெட்டு ஆண்டு பிடித்தது என்றால், லாந்தர் வெளிச்சத்தில் சாணத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல யாரால் முடியும்?

திருகாணி போன்ற கிருமி

ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமியை உறுதியாகக் கண்டுபிடிக்க ஐம்பது ஆண்டு ஆயிற்று. 1971, 72 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்தவர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதன் பெயர் பிராக்கிஸ்பைரா. இதற்கு முன் மூன்று பெயர் மாறிவிட்டது. விஞ்ஞானிகளுக்குப் பெயர் மாற்றுவதில் ஒரு பிரியம்.

இது பார்வைக்குத் திருகாணி போல் சுருண்டிருக்கும். பருமன் தலைமயிரின் பருமனில் சுமார் இருநூறில் ஒரு பங்கு. பன்றியின் பெருங்குடலில் வழவழவென்று படிந்திருக்கும் சளிப்படலத்தில் திருகிக்கொண்டே உள்ளே போகும். அங்கே பெருகிக் குடலின் உள்தோலைப் புண்ணாக்கும். தின்ற தீவனத்திலுள்ள தண்ணீரைத் திரும்ப உடம்புக்குள் இழுத்துக்கொள்வது பெருங்குடலின் வேலை. அந்த வேலை நின்றதும் கழிச்சல் போகிறது, உடம்பு வற்றுகிறது. சிறுகுடலை இக்கிருமி தொடுவதில்லை. செத்த பன்றியை அறுத்துப் பார்க்கும் டாக்டர், சிறுகுடல் நன்றாகவும் பெருங்குடல் மட்டும் வீங்கிச் சிவந்தும் இருந்தால் உடனே இந்த வியாதியைச் சந்தேகிப்பது அதனால்தான்.

பெரும்பாலும் அகப்படுவது பால் மறந்து, தீவனம் தின்று வளர்ந்துகொண்டிருக்கும் நடுவயதுப் பன்றிகள். பிறந்து இரண்டு மூன்று நாளான குட்டி மஞ்சள் நீராகக் கழிந்தால் அது வேறு சங்கதி, பொதுவாக 'ஈ. கோலை' என்ற பாக்டீரியாவின் வேலை. குட்டி பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்திருக்கிறதா, குளிரில் நடுங்காமல் கதகதப்பாகக் கிடக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். வாகமண் பக்கத்து இரவில் வெறும் சிமெண்டுத் தரையில் படுக்கும் குட்டிக்கு எந்த மருந்தும் எடுபடாது.

மலைக்குளிரும் பாலக்காட்டு வெயிலும்

இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்று ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஈரச் சாணத்தில் 25 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஏறக்குறைய ஒரு வாரம். அதே சாணம் 5 டிகிரியில் இருந்தால் இரண்டு மாதம்! காய்ந்துவிட்டால் சீக்கிரம் செத்துவிடும்.

நமது இரு மாவட்டங்களுக்கும் இது அப்படியே பொருந்துகிற கணக்கு. பாலக்காட்டுக் கணவாயில் மாசி, பங்குனியில் அடிக்கும் காற்றும் வெயிலும் பட்டித் தரையை அரை நாளில் உலர்த்திவிடும். பட்டியைக் காலி செய்து கழுவி, வெயில் படத் திறந்து போட்டால் பாதி வைத்தியம் செலவில்லாமல் முடிந்துவிடும். தேவிகுளம், உடும்பஞ்சோலை தாலூகாக்களில் அது நடக்காது. அங்கே மூன்று மாதம் மழை, மீதிக்கு மஞ்சு. சாணக்குழி எப்போதும் சொதசொதவென்று குளிர்ந்து கிடக்கும். பட்டியைக் கழுவி 15 நாள் சும்மா போட்டோம், போதும் என்று மலையில் நினைத்துப் புதுக் குட்டி இறக்குகிறவர் கிருமிக்கு விருந்து வைக்கிறார். கூரையை உயர்த்தி, வெளிச்சமும் காற்றும் வரும்படி செய்து, சாணம் தேங்காமல் சரிவு வைத்துத் தரை போட்டால்தான் மலையில் பிழைக்கலாம். இதெல்லாம் முதலாளி செய்யவேண்டிய செலவு; தொழிலாளியால் ஆகாது. ஆனாலும் எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்ற கணக்கை வைத்திருப்பவர் தொழிலாளிதான்.

பூட்சில் வரும் வியாதி

கிருமி காற்றில் பறந்து வருவதில்லை. நோய் கண்ட பன்றியின் சாணம் நல்ல பன்றியின் வாய்க்குள் போகவேண்டும். பன்றியோ தரையை மோந்து நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. ஆகவே ஒரு அறையில் தொடங்கினால் அடுத்த அறைக்குப் போக மெள்ள மெள்ள வழி கண்டுபிடித்துவிடும். கிருமி புகுந்து பத்துப் பதினான்கு நாளில் வியாதி வெளியே தெரிவது வழக்கம்.

பண்ணைக்குள் வருவது எப்படி? முதல் வழி, விலைக்கு வாங்கிய பன்றி. கழிச்சல் நின்று தெளிந்து, பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் பன்றிகூட 70 நாளுக்கு மேல் சாணத்தில் கிருமியை வெளியேற்றும். இரண்டாவது வழி எலி. சுண்டெலிக்குள் இக்கிருமி 180 நாள் வரை இருந்ததைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். பட்டியைச் சுண்ணாம்பு அடித்து வெளுத்துவிட்டு எலி வளையை அப்படியே விட்டால் என்ன பிரயோசனம்? மூன்றாவது வழி லாரிச் சக்கரம், சாணம் அள்ளும் மண்வெட்டி, மனிதனின் கால்.

மனிதனின் கால் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். ஒரு நாள் பாலக்காடு சந்திப்பில் டிக்கெட் கவுண்டரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஆலுவாவுக்கு டிக்கெட் கேட்டார். உத்தமபாளையம் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எங்கே அண்ணே, வேலைக்கா?" என்றேன்.

"ஆமா சார். சித்தூர்ப் பக்கம் பன்னிப் பண்ணையில இருந்தேன். அங்க வகுத்தால போயி ஏழெட்டு செத்துப் போச்சு. மொதலாளி இருக்கறத வித்துப்புட்டு மூடப்போறேங்குறாரு. தொடுபுழாவுல வேற பண்ணையில கூப்பிட்டாக. போறேன்."

"டாக்டர் வந்து பார்த்தாரா?"

"கடையில பொடி வாங்கியாந்து கரைச்சு ஊத்துனாரு. கேட்டுச்சு சார். ஒரு வாரம் நின்னுச்சு. பெறகு மறுபடியும் புடிச்சுக்கிருச்சு."

இடுக்கி மாவட்டத்தில் ரெயில் பாதை கிடையாது. ஆலுவாவில் இறங்கி, பஸ் பிடித்து மேலே போகவேண்டும். அவரது துணிமூட்டையில் ஒரு ஜதை ரப்பர் பூட்ஸ் கயிற்றால் கட்டித் தொங்கிற்று. அடிப்பாகத்துப் பள்ளங்களில் சித்தூர்ச் சாணம் இன்னும் ஈரமாக அப்பியிருந்தது. அதைக் கழுவச் சொன்னேன். நடைமேடைக் குழாயில் தேய்த்துக் கழுவினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம்

நிச்சயமாகச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். ஆனாலும் பட்டியில் இருப்பவர் கவனித்து டாக்டரிடம் சொல்லவேண்டியவை சில உண்டு.

ரத்தக் கழிச்சலில் முதலில் சாணம் இளகி, சிமெண்டுக் கரைசல் போலச் சாம்பல் அல்லது மஞ்சள் நிறமாக இருக்கும். அடுத்து சளி, அதில் ரத்தத் திட்டு. பன்றி தீவனத்தைக் குறைக்கும், ஆனால் தண்ணீரைத் தேடித் தேடிக் குடிக்கும். விலாப்புறம் ஒட்டிப்போகும், முதுகு வளையும். காய்ச்சல் அவ்வளவாக இராது. இன்று இரண்டு, நாலு நாள் கழித்து ஐந்து என்று மெதுவாகப் பரவும். மருந்து கொடுக்காவிட்டால் ஒரு கூட்டத்தில் பத்துக்கு ஒன்பது பன்றிவரை பிடிக்கலாம்; நூற்றுக்கு முப்பதுவரை சாகலாம். சாகாதவையும் எடை ஏறாமல் நின்றுவிடும். தின்கிற தீவனம் அதேதான், சதை மட்டும் இல்லை. முதலாளிக்கு உண்மையான நஷ்டம் இங்கேதான்.

ஆப்பிரிக்கக் காய்ச்சலில் கதை வேறு. பன்றியின் இயல்பான உடல் வெப்பம் 39 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கும். இதில் 41, 42 வரை ஏறும். தீவனத்தை முற்றிலும் மறுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து படுக்கும். காது, வயிற்றுத் தோல், கால் சிவந்து பிறகு நீலம் பாரிக்கும். சினைப்பன்றி கருச்சிதைவு ஆகும். குட்டி, கிடா, தாய்ப்பன்றி என்று வயது பார்க்காது. ஒரு வாரம் பத்து நாளுக்குள் பட்டியே காலியாகிவிடும். ரத்தப் பேதியும் இதில் வரலாம். குழப்பம் அங்கேதான்.

பழைய பன்றிக் காய்ச்சல் என்று இன்னொன்றும் உண்டு. அதுவும் வைரஸ்தான். ஆனால் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ரத்தக் கழிச்சலுக்கு நமது கைக்கு எட்டும் தடுப்பூசி இல்லை.

ரத்தக் கழிச்சலோ ஆப்பிரிக்கக் காய்ச்சலோ மனிதனுக்குத் தொற்றாது. இறைச்சி தின்றவனுக்கும் வராது. ஆனால் முன்னே சொன்ன சால்மோனெல்லா மனிதனுக்கும் வரும். பட்டியிலிருந்து வந்து கை கழுவாமல் சோற்றில் கை வைப்பவருக்கும், அவர் தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு வரும்.

2022-ல் நடந்தது

ஆப்பிரிக்கக் காய்ச்சல் 2007-ல் ஜார்ஜியா நாட்டுக்கும், 2018-ல் சீனாவுக்கும் வந்து, 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேச மாநிலங்களில் தலைகாட்டிற்று. 2022-ம் ஆண்டு ஜூலையில் கேரளத்துக்கு வந்துவிட்டது. வயநாடு மாவட்டத்தில் மானந்தவாடியிலும் தவிஞ்ஞாலிலும் உள்ள பண்ணைகளில் பன்றிகள் இறந்தன. மாதிரிகள் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிலையத்துக்குப் போய், வியாதி உறுதியாயிற்று. நூற்றுக்கணக்கான பன்றிகள் கொல்லப்பட்டன. வெளி மாநிலப் பன்றிகளும் பன்றி இறைச்சியும் உள்ளே வர அரசு தடை போட்டது. வாளையாறு, மீனாட்சிபுரம், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய சோதனைச் சாவடிகள் வழியாகப் போய்வருகிற நம்மவர்களுக்கு இந்தக் கெடுபிடி நினைவிருக்கும். அதே ஆண்டு நவம்பரில் இடுக்கி மாவட்டத்தில் தொடுபுழாவை அடுத்த கரிமண்ணூரில் வியாதி உறுதி செய்யப்பட்டது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிலும் இதே வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. காட்டுப்பன்றிக்குச் சோதனைச் சாவடி ஏது?

வியாதி உறுதியான பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளை எல்லாம் கொன்று ஆழப் புதைப்பதும், பத்துக் கிலோமீட்டருக்குக் கண்காணிப்பு வைப்பதும் சட்டம். கொல்லப்படும் பன்றிக்கு எடையைப் பொறுத்து நஷ்டஈடு உண்டு. 15 கிலோ வரையுள்ள குட்டிக்கு 2,200 ரூபாய், 100 கிலோவுக்கு மேற்பட்டதற்கு 15,000 ரூபாய் என்ற கணக்கில் அப்போது கொடுத்தார்கள். அதை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கின்றன.

இதில் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. நஷ்டஈடு கொல்லப்பட்ட பன்றிக்குத்தான். அதிகாரிகள் வருவதற்கு முன்னால் தானாகச் செத்ததற்குக் கிடையாது. ஒளித்து வைத்து இருபது பன்றி செத்தபின் சொல்லுகிற முதலாளி இருபது பன்றியின் பணத்தை இழக்கிறார். முதல் பன்றி விழுந்த அன்றே சொன்னவருக்குப் பத்தொன்பதுக்குப் பணம் வரும். அதே சமயம், வந்து பார்த்த டாக்டர் இது வெறும் ரத்தக் கழிச்சல் என்று கண்டால் ஒரு பன்றியைக்கூடக் கொல்லச் சொல்லமாட்டார். மருந்து எழுதிக் கொடுப்பார். ஒளிப்பதில் லாபம் எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்தால் ஒரு பக்கமும் இல்லை.

தொழிலாளிக்கு நஷ்டஈட்டில் பங்கு இல்லை என்பது உண்மை. பண்ணை மூடினால் அவர் வெறுங்கையோடு போகவேண்டியதுதான். இதை யாராவது சட்டசபையில் கேட்கலாம்.

கடை வைத்தியம்

ரத்தக் கழிச்சலுக்கு மருந்து உண்டு என்றதும் கடைக்கு ஓடவேண்டாம். டியாமுலின், லின்கோமைசின், டைலோசின் என்று சில மருந்துகள் இருக்கின்றன. தண்ணீரிலோ தீவனத்திலோ கலந்து கொடுக்கவேண்டும். எத்தனை நாள், என்ன அளவு என்பதைப் பன்றியின் எடையை வைத்து டாக்டர் சொல்லவேண்டும். இரண்டு நாள் கொடுத்து, கழிச்சல் நின்றதும் மிச்சப் பொடியை அடுத்த முறைக்கென்று கட்டி வைப்பது நம்மூர் வழக்கம். கிருமி முழுவதும் சாகாமல், மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும். டைலோசின் ஒரு காலத்தில் கைகண்ட மருந்து. இன்று பல நாடுகளில் இந்தக் கிருமியிடம் அது எடுபடுவதே இல்லை. சித்தூர்ப் பண்ணையில் நின்ற கழிச்சல் ஒரு வாரத்தில் திரும்பி வந்ததற்கு அரைகுறை மருந்து ஒரு காரணமாக இருக்கலாம். கழுவாத பட்டி இன்னொரு காரணமாக இருக்கலாம். மருந்து கொடுக்கும்போதே பட்டியையும் சுத்தம் செய்யாவிட்டால், பன்றி தான் கழித்ததையே மறுபடி நக்கிக்கொள்ளும்.

இன்னொரு அபாயம் பலருக்குத் தெரியாது. கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சல் வராமலிருக்க மோனென்சின், சாலினோமைசின் என்ற மருந்துகளைக் கலப்பதுண்டு. பாலக்காடு, பொள்ளாச்சி வட்டாரத்தில் கோழிப் பண்ணைக்குப் பஞ்சமில்லை. மிஞ்சிய கோழித் தீவனத்தை மலிவாக வாங்கிப் பன்றிக்குப் போடுகிறவர்கள் உண்டு. அதைத் தின்கிற பன்றிக்கு டியாமுலின் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து விஷமாகிவிடும். பன்றி நடை தள்ளாடி, கால் இழுத்து விழுந்து சாகும். நோய் முற்றிச் செத்தது என்று நினைப்போம். கொன்றது நாம் கொடுத்த மருந்தாக இருக்கும். எனவே டாக்டரிடம், 'என்ன தீவனம் போடுகிறாய்' என்று அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிடவேண்டும்.

கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை மத்திய அரசு 2019-ல் தடை செய்துவிட்டது. மனிதனுக்கு வேறு மருந்து எதுவும் கேட்காதபோது ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து அது. பண்ணையில் வீணடித்தால் ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடப்பவனுக்கு இல்லாமல் போகும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைச் சமாளிக்கக் கேரள அரசு 2018-ல் தனியாக ஒரு திட்டமே வகுத்திருக்கிறது.

ஓட்டல் எச்சிலும் அரிசிச் சோறும்

கேரளத்துப் பன்றிகள் பெரும்பகுதி வயிறு வளர்ப்பது ஓட்டல் மிச்சத்திலும் கோழிக்கடைக் கழிவிலும்தான். ரத்தக் கழிச்சல் கிருமி இதில் வருவது அபூர்வம். ஆனால் சால்மோனெல்லாவும் ஆப்பிரிக்கக் காய்ச்சலும் இந்த வழியில் தாராளமாக வரும். ஓட்டல் மிச்சத்தில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று கிடந்தால் போதும். கிளறிக்கொண்டே 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வேகவைக்கவேண்டும் என்பது உலக விலங்கு நல அமைப்பின் விதி. விறகு விலையைப் பார்த்து, வெந்நீர் ஊற்றிக் கலக்கிவிட்டால் ஆயிற்று என்று முடிப்பவர்கள் பண்ணையை அந்த விறகுக்கு ஈடு வைக்கிறார்கள்.

அரிசிச் சோறு பற்றி ஒரு சுவையான செய்தி. ஆஸ்திரேலியாவில் மர்டாக் பல்கலைக்கழகத்தார் 1990-களில் நடத்திய சோதனையில், வெந்த வெள்ளை அரிசிச் சோறும் புரதமும் தின்ற பன்றிகளை ரத்தக் கழிச்சல் அண்டவில்லை. சோறு சிறுகுடலிலேயே செரித்துவிடுவதால், பெருங்குடலில் கிருமிக்கு ஏற்ற புளிப்பு உண்டாவதில்லை என்றார்கள். வேறு இடங்களில் தீவனத்தை மாற்றிச் செய்த சோதனைகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. ரேஷன் அரிசியைப் பன்றிக்கு வடித்துக் கொட்ட யாரும் கிளம்பிவிடவேண்டாம்.

யார் சொல்வது?

'முதலாளி இருக்க நான் எப்படிச் சொல்வது' என்று கேட்கும் நம்மவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்காக 2009-ம் ஆண்டு மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள வியாதி என்று சந்தேகம் வந்தால், சொந்தக்காரர் மட்டும் அல்ல, அந்தப் பிராணியின் பொறுப்பில் இருப்பவரும் கிராம அதிகாரியிடமோ பஞ்சாயத்திலோ தெரிவிக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். பன்றிக் காய்ச்சல்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. அதாவது சொல்லுகிற தொழிலாளி முதலாளிக்குத் துரோகம் செய்யவில்லை, சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறார். மலையாளம் தெரியாது என்பதும் தடையில்லை. எல்லையோர ஊர்களில் பஞ்சாயத்து ஆபீசிலும் கால்நடை ஆஸ்பத்திரியிலும் தமிழ் புரிகிறவர் பெரும்பாலும் இருப்பார். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து நடமாடும் கால்நடை ஆஸ்பத்திரியைப் பற்றி விசாரிக்கலாம். தமிழ்நாட்டிலும் அதே எண்தான்.

புதிதாகக் குட்டி வாங்குகிறவர்கள் சந்தையில் கண்ட லாரியை நம்பாமல், மூலம் தெரிந்த இடத்தில் வாங்குவது நலம். மண்ணுத்தியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பன்றி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் வாகமண் அருகே கோலாகலமேட்டில் கால்நடை வளர்ச்சி வாரியப் பண்ணை இருக்கிறது. எங்கே வாங்கினாலும் ஒரு மாதமாவது தனிப்பட்டியில், தனி மண்வெட்டி, தனி பூட்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்கவேண்டும்.

டாக்டரிடம் சாணம் கொண்டுபோகிறவர்கள் தரையில் கிடப்பதை வாரிக்கொண்டு போகக்கூடாது. புதிதாகக் கழிச்சல் கண்ட, இன்னும் மருந்து கொடுக்காத இரண்டு மூன்று பன்றிகளிடமிருந்து அப்போதே பிடிக்கவேண்டும். சுத்தமான மூடி போட்ட டப்பாவில் அடைத்து, ஐஸ் வைத்து, அன்றைக்கே சேர்ப்பிக்கவேண்டும். இந்தக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க நாலு முதல் ஆறு நாள்வரை ஆகும். அதற்குள் எந்தப் பன்றியையும் வெளியே விற்கவோ, அறுக்கவோ, வேறு பட்டிக்கு மாற்றவோ கூடாது. செத்தது எதையாவது ஓடையில் இழுத்துப் போட்டால், கீழே உள்ள பண்ணைக்காரர் அந்தத் தண்ணீரில்தான் பட்டி கழுவுவார்.